துண்டுக்குள் விரல்: கப்பல் பயணமும் முகவரின் கொமிஷனும்

களுவாஞ்சிக்குடிக் கடைவீதியில் ஒரு பயண முகவர் கடை. முன்னால் விமானப் படம் போட்ட பலகை. அதில் தோஹா, டுபாய், ரியாத் என்று ஊர்ப்பெயர்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, போட்டோக்கொப்பி இயந்திரம், கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க ஒரு வெள்ளைத் திரை. கிழக்கிலங்கையின் சிறுநகரங்களுக்குப் பழக்கமான கடைதான். போட்டோக்கொப்பி எடுக்கப் போயிருந்த எனக்கு முன்னால் வயதான தம்பதியர் இருவர் அமர்ந்திருந்தார்கள். கனடாவிலிருக்கும் மகள், சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்கும் உல்லாசக் கப்பல் ஒன்றில் அவர்களைக் கூட்டிப்போக ஆசைப்படுகிறாளாம். ஊரிலும் ஒருமுறை விலை விசாரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த அம்மா கடைசியில் ஒரு கேள்வி போட்டார்.

"அதெல்லாம் சரி மனே, இதில உனக்கு என்ன வருது?"

"அத கப்பல் கொம்பனி தாறது அம்மா. உங்களிட்ட ஒரு சதமும் எடுக்கிறல்ல."

பொடியன் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குள் அடங்காத விடயங்கள் நிறைய. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டுக் கையை மூடி, விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். சுற்றிநிற்பவருக்குத் துண்டு தெரியும், விரல் தெரியாது. பயணத் தொழிலின் கொமிஷனும் அப்படித்தான் இருக்கிறது. அந்தத் துண்டை விலக்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் வேலை. கடல் கடந்த பயணத்துக்குத் தரகு வாங்குவது நம் மக்களுக்குப் புதிதல்ல என்பதால், உல்லாசக் கப்பலின் கணக்கைப் பழைய கணக்குகளோடு ஒப்பிடுவது இரண்டாவது வேலை.

இரண்டாயிரம் டொலர் சீட்டு

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். இருவர் தங்கும் ஓர் அறைக்கு மொத்தம் 2,000 டொலர் என்று பற்றுச்சீட்டு வருகிறது. முகவருக்குப் பத்து வீதம் என்றால் 200 டொலர் கிடைக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். அங்கேதான் கணக்குப் பிசகுகிறது.

அந்த 2,000 டொலர் ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கூறாகக் கிடக்கிறது. முதற்கூறு அரச வரியும் துறைமுகக் கட்டணமும். இதில் முகவருக்கு எதுவும் இல்லை, அது நியாயமும்கூட. இரண்டாவது கூறு விசித்திரமானது. அது கப்பல் கம்பனிக்கே போய்ச் சேரும் பயணக் கட்டணம்தான். ஆனால் 'இதற்குக் கொமிஷன் கிடையாது' என்று கம்பனியே தனியாகப் பிரித்து வைத்திருக்கும். தொழிலில் இருப்பவர்கள் இதை 'என்.சி.எஃப்.' என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் கொமிஷன் சேராக் கட்டணம் எனலாம். மூன்றாவது கூறுதான் அடிப்படைக் கட்டணம். கொமிஷன் அதற்கு மட்டுமே.

வரிக்கு 300, கொமிஷன் சேராக் கட்டணத்துக்கு 300 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 1,400. அதில் பத்து வீதம் 140 டொலர். அதுவும் முழுதாகக் கைக்கு வராது. சிறு முகவர்கள் பெரும்பாலும் கப்பல் கம்பனியோடு நேரடியாக ஒப்பந்தம் வைத்திருப்பதில்லை. மேலே இருக்கும் பெரிய முகவர் நிறுவனம் ஒன்றின் கணக்கு வழியாகத்தான் விற்கிறார்கள். அந்த நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு இருபது எடுக்கிறது என்றால் 28 டொலர் போய், மேசையில் இருப்பவருக்கு 112 டொலர் மிஞ்சும். அதாவது வாடிக்கையாளர் கொடுத்த மொத்தத் தொகையில் 5.6 வீதம். பேச்சில் பத்து, கையில் ஐந்தரை.

பத்து வீதம் என்பது ஏணியின் முதற்படி. கூடுதலாக விற்கும் நிறுவனங்களுக்குக் கம்பனிகள் 15, 16 வீதம் வரையும் அதற்கு மேலும் கொடுக்கும். ஆண்டுக்கு இத்தனை அறை விற்றால் இத்தனை வீதம் என்று படிகள் உண்டு. இதனாலேயே சிறுமுகவர்கள் பெரிய நிறுவனத்தின் நிழலில் ஒதுங்குகிறார்கள். தனியே நின்றால் பத்து, கூட்டில் சேர்ந்தால் பதினைந்து. அந்தப் பதினைந்தில் கூட்டுக்காரருக்கு ஒரு பங்கைக் கொடுத்தாலும் மிச்சம் பத்தைவிடக் கூடுதல்.

குழுவாக முன்பதிவு செய்தால் இன்னொரு வழக்கம் உண்டு. பதினைந்து பதினாறு பேர் காசு கட்டினால் ஒருவருக்குப் படுக்கை இலவசம். அந்த இடத்தில் முகவர் தானே ஏறலாம். குழுவைக் கூட்டி வந்தவருக்குக் கொடுக்கலாம். அதன் பெறுமதியை எல்லோருக்கும் பிரித்து விலையைக் குறைக்கலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பழைய மாணவர் சங்கம் ஒன்று கப்பலில் ஒன்றுகூடல் வைத்தால், அந்த இலவச இடம் யாருக்குப் போனது என்பது கேட்க வேண்டிய கேள்வி. பயணக் காப்புறுதிக்கும் முகவருக்குக் கொமிஷன் உண்டு. அதன் வீதம் கப்பல் கட்டணத்தின் வீதத்தைவிடப் பெரும்பாலும் உயர்ந்தது. 'காப்புறுதி எடுங்கள்' என்று முகவர் அழுத்திச் சொல்வதில் அக்கறையும் இருக்கும், கணக்கும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை.

கொமிஷன் சேராக் கட்டணம் பிறந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1990களில் கப்பல் கம்பனிகள் 'துறைமுகக் கட்டணம்' என்ற பெயரில், துறைமுகங்களுக்குத் தாங்கள் கட்டியதைவிடக் கூடுதலான தொகையைப் பயணிகளிடம் வாங்கின. விளம்பர விலையும் குறைவாகத் தெரியும். அந்தப் பகுதிக்குக் கொமிஷனும் கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சட்டமா அதிபர் இதில் தலையிட்டார். துறைமுகக் கட்டணம் என்ற பெயரில் உண்மையில் அரசுக்கும் துறைமுகத்துக்கும் போவதை மட்டுமே காட்டுவதாக 1997இல் பல கம்பனிகள் உடன்பட்டன. பயணிக்கு அது வெற்றி. முகவரைப் பொறுத்தவரை, வெளியே வந்த தொகை வேறு பெயரில் கொமிஷனுக்கு வெளியிலேயே நின்றது. பயணியை மறைத்த துண்டு விலகியது. முகவரை மறைத்தது விலகவில்லை.

தரைதட்டிய கப்பலும் முந்நூறு முகவர்களும்

விமானக் கம்பனிகள் கொமிஷனைக் கைவிட்டுப் பல காலமாயிற்று. அமெரிக்காவில் டெல்டா விமானச் சேவை 1995இல் உள்நாட்டு இருவழிச் சீட்டுக்கு 50 டொலருக்கு மேல் கொமிஷன் இல்லை என்று வரம்பு கட்டியது. மற்றவை பின்தொடர்ந்தன. 2002இல் அந்நாட்டுப் பெரிய விமானக் கம்பனிகள் அடிப்படைக் கொமிஷனையே நிறுத்தின. இந்தியாவில் 2008இல் முன்னணி விமானக் கம்பனிகள் ஐந்து வீதத்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியபோது முகவர் சங்கங்கள் போராடிப் பார்த்தன. இன்று முகவரிடம் விமானச் சீட்டு எடுத்தால், சீட்டு விலைக்கு மேல் சேவைக் கட்டணம் ஒன்றைப் பெரும்பாலும் நாமேதான் கொடுக்கிறோம்.

அப்படியிருக்க, கப்பல் கம்பனிகள் மட்டும் ஏன் இன்னும் கொமிஷன் கொடுக்கின்றன?

விமானச் சீட்டு என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது. எங்கே போகிறோம் என்பது பயணிக்கு முன்பே தெரியும். விலையும் நேரமும் மட்டும் பார்த்து இணையத்தில் அவரே எடுத்துவிடலாம். உல்லாசக் கப்பலுக்குப் போகவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆசையை உண்டாக்கித்தான் விற்க வேண்டும். யன்னல் இல்லாத உள்ளறையா, கடல் தெரியும் அறையா, மாடம் வைத்த அறையா? எந்தத் தளம் ஆடாது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? முழங்கால் வலிக்காரர் ஏறி இறங்க முடியுமா? இத்தனைக்கும் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். முதல் முறை கப்பலேறுகிறவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறவர் முகவர்தான். அந்த வேலைக்குக் கம்பனி சம்பளம் கொடுப்பதில்லை. விற்றால் மட்டும் பங்கு. விற்காத நாளின் நட்டம் முகவருடையது. கம்பனிக்கு இதைவிட மலிவான விற்பனைப் படை எங்கே கிடைக்கும்?

இந்தப் பிணைப்பு எவ்வளவு பழையது என்பதற்குக் கார்னிவல் கம்பனியின் தொடக்கமே சாட்சி. 1972 மார்ச்சில் அதன் முதற்கப்பலான மார்டி கிரா மியாமித் துறைமுகத்திலிருந்து கன்னிப் பயணம் புறப்பட்டது. கம்பனி தன் செலவில் விருந்தாளிகளாக ஏற்றியிருந்தது சுமார் முந்நூறு பயண முகவர்களை. துறைமுக வாயிலைத் தாண்டுவதற்குள் கப்பல் மணல்திட்டில் ஏறித் தரைதட்டி நின்றது. கரையிலிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே முகவர்களுக்கு விருந்து நடந்தது. அப்படித் தொடங்கிய கம்பனி பின்னாளில் உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் குழுமமாக வளர்ந்தது. முதற்பயணத்தில் யாரை மகிழ்விக்க வேண்டும் என்று அதன் நிறுவனர் டெட் அரிசன் தெரிந்து வைத்திருந்தார்.

2020இல் கொரோனாவால் உலகமெங்கும் உல்லாசக் கப்பல்கள் நங்கூரமிட்டன. பயணம் நடக்கவில்லை என்றால் கொமிஷனும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் முழுக் காசு கட்டியிருந்த முன்பதிவுகளைக் கம்பனிகள் தாமே இரத்துச் செய்தபோது, கொமிஷனைக் காப்பாற்றித் தருவதாகப் பெரிய கம்பனிகள் பல அறிவித்தன. அது இரக்கத்தால் செய்ததல்ல. கப்பல் மறுபடி ஓடும் நாளில் அறைகளை நிரப்ப அதே முகவர்கள் கடையைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே.

கொமிஷன் எப்போது கைக்கு வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. சில கம்பனிகள் வாடிக்கையாளர் முழுத்தொகை கட்டியதும் தரும்; சில, கப்பல் புறப்பட்ட பின்னரே தரும். தைப்பொங்கலுக்கு முன்பதிவு செய்து கார்த்திகையில் போகிற பயணத்துக்கு முகவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இடையில் வாடிக்கையாளர் மனம்மாறினால் பட்ட பாடு வீண். இதனால் பயணம் நல்லபடி நடந்து முடிய வேண்டும் என்று முகவரும் விரும்புகிறார். இந்தக் 'காலம்' என்ற விடயத்துக்குப் பிறகு திரும்பி வருவேன்.

நம் கடலில் வந்த கப்பல்

இதெல்லாம் கரீபியன் கடல் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் சேவை தொடங்கியது. கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற அந்தக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. 1990இல் ரோயல் கரீபியன் கம்பனிக்காகக் கட்டப்பட்டுப் பெயரும் கையும் மாறி இந்தியாவுக்கு வந்த கப்பல் அது. ஜூன் 16ஆம் திகதி காங்கேசன்துறையில் அது தரித்தபோது வடக்கில் பெரிய வரவேற்பு.

அந்தக் கப்பலின் அறைகளை விற்றவர்கள் இந்தியாவில் இருந்தார்கள்; கொமிஷனும் அங்கேயே தங்கியது. நம் பங்கு கரையில் கிடைத்தது: பஸ், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, கோயில் வாசல் கடைகள். இதிலும் தரகு உண்டு. கரைச் சுற்றுலாவைக் கப்பலுக்குள்ளேயே விற்கும்போது, பயணி கொடுக்கிற விலைக்கும் உள்ளூர் ஏற்பாட்டாளர் கையில் சேர்கிற தொகைக்கும் இடைவெளி இருக்கும். கப்பலில் இடம் விற்கக் கம்பனி முகவருக்குத் தரகு கொடுக்கிறது. கரையில் ஊரைக் காட்டும்போது கம்பனியே தரகராகிவிடுகிறது.

இதற்கு எதிர்முனையில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகு நிற்கிறது. 2023 ஒக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கிய சேவை அது. சுமார் 60 கடல் மைல், நான்கு மணித்தியாலப் பயணம். இணையத்தில் நேரே சீட்டு எடுக்கலாம். உறவினரைப் பார்க்கவும் கோயிலுக்குப் போகவும் சாமான் வாங்கவும் போகிறவருக்கு ஆசை காட்ட முகவர் தேவையில்லை. நம்மூரில் இன்னும் எளிய சான்று இருக்கிறது. குருமண்வெளித் துறையில் நின்றால் வாவியைக் கடந்து மண்டூருக்குப் 'பாதை' எனப்படும் படகு போகும். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகிறவருக்குத் தன் தேவை தெரியும். மண்டூர் முருகனிடம் போகிற பக்தருக்காகவோ, வயலுக்குப் போகிற விவசாயிக்காகவோ இடையில் நின்று பேச ஒருவர் வேண்டியதில்லை. தேவை தெளிவாக இருக்கிற இடத்தில் தரகு சுருங்குகிறது. ஆசையோ அறியாமையோ இருக்கிற இடத்தில் விரிகிறது.

தலைக்கு இவ்வளவு

அறியாமையின் மேல் கட்டிய தரகைப் பார்க்க நூறு வருடம் பின்னுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. தன் ஊருக்குப் போய், உறவும் சாதியும் சொல்லி ஆட்களைத் திரட்டி, முற்பணம் கொடுத்து அழைத்து வருவார். தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுக்கும்: அவர் கூட்டிவந்த ஆட்களில் அன்றன்று வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று. ஒருமுறை வாங்கி முடிகிற கொமிஷனல்ல. ஆள் உழைக்கும் காலமெல்லாம் வந்துகொண்டிருக்கும்.

வழிச்செலவு? அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் என்ற முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்த பிறகு, எந்தத் தோட்டத்துக்கு இவர் உரியவர் என்று அந்த வில்லை சொல்லும். அதை வைத்திருந்தவர் பயணி அல்ல. அது அவர் கையிலிருந்த சீட்டும் அல்ல. அனுப்பும் சரக்கில் ஒட்டிய முகவரி.

ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவர் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு அது. கங்காணிகள் கையில் அந்தத் துண்டு ஆளை விற்று வாங்கும் பத்திரமாகவே ஆயிற்று. 1921இல் சட்டம் கொண்டுவந்து அதை ஒழித்தார்கள். மாட்டுச் சந்தையிலும் துண்டு, மலைநாட்டிலும் துண்டு. சொல்லொற்றுமை தற்செயல்தான், ஆனால் இரண்டிலும் விலை பேசப்பட்டவருக்கு விலை தெரியாது.

அதே கடைவீதி, வேறு கணக்கு

களுவாஞ்சிக்குடி இருக்கும் மட்டக்களப்பு தோட்டப் பிரதேசம் அல்ல. இங்கே கடல் கடந்த பயணத்தின் தரகு வேறு உருவில் வந்தது. 1980களிலிருந்து வளைகுடா வேலை. போரும் வறுமையும் 2004 சுனாமியும் தள்ளிவிட, பணிப்பெண்களாகப் போனவர்கள் ஏராளம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவாயிற்று. ஆள் அனுப்ப உரிமம் கட்டாயம். உரிமம் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் பிற பெருநகரங்களிலும் இருக்க, ஊருக்குள் வந்து வீடு வீடாகப் பேசுகிறவர் உபமுகவர். 'சப் ஏஜென்ட்' என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கொமிஷன்.

இங்கேயும் 'உங்களிட்ட ஒரு சதமும் எடுக்கிறல்ல' என்ற அதே வசனம்தான். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவரிடம் காசு வாங்குவதற்குப் பதிலாக, முற்பணம் கொடுத்து அனுப்பும் வழக்கமும் வந்தது. வளைகுடாவிலுள்ள எசமானர் அங்குள்ள முகவருக்குக் கொடுக்கும் பெருந்தொகையில் ஒரு பங்கு கொழும்புக்கு வந்து, அதில் ஒரு துண்டு ஊருக்கு வருகிறது. கைநீட்டிக் காசு வாங்கிய பெண், கடைசி நேரத்தில் மனம்மாறினால் என்ன செய்வார்? கங்காணியின் முற்பணம் செய்த வேலையை இந்த முற்பணமும் செய்கிறது.

காலத்தைப் பற்றிப் பிறகு பேசுவதாகச் சொன்னேன். வளைகுடா வழக்கப்படி எசமானருக்கு ஓர் உத்தரவாதக் காலம் உண்டு. நெடுநாள் அது பொதுவாக முதல் மூன்று மாதமாக இருந்தது. அதற்குள் பணிப்பெண் வேலையை விட்டால் முகவர் வேறு ஆள் தரவேண்டும், இல்லையேல் காசைத் திருப்ப வேண்டும். ஆகவே முதல் மாதத்தில் ஒரு பெண் தொலைபேசியில் அழுது, 'என்னைக் கூப்பிட்டுவிடுங்கள்' என்று கெஞ்சினால், அதைக் கேட்கும் முகவருக்கு அது நட்டச் செய்தி. 'மூன்று மாதம் பொறுத்துக்கொள்' என்ற அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும். உல்லாசக் கப்பலில் பயணி மகிழ்ந்தால்தான் முகவருக்கு அடுத்த விற்பனை. இங்கே பயணி வாய்மூடி இருந்தால்தான் கொமிஷன் நிலைக்கும்.

இந்தக் கணக்கு எதுவரை போகும் என்பதைக் கிழக்கு மாகாணம் மறக்காது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988இல் பிறந்தவர். 2005இல் அவரைச் சவுதிக்கு அனுப்பிய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளையை அனுப்ப முடியாது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணை அனுப்பலாம். அந்த ஆறு வருட வித்தியாசம்தான் ஒரு தலைக்கான தரகைச் சாத்தியமாக்கியது. பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்த வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9இல் அவருடைய உயிர் பறிக்கப்பட்டது.

யார் பண்டம்?

மூன்று கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கொமிஷன் என்பது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல என்று தெரிகிறது. மூன்றிலும் காசைக் கொடுப்பவர் பயணி அல்லாத மூன்றாமவர்: கப்பல் கம்பனி, தோட்டத்துரை, வளைகுடா எசமானர். வேறுபாடு, அந்த மூன்றாமவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதில். உல்லாசக் கப்பலில் விற்கப்படுவது அறை, வாங்குபவர் பயணி. அவர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போகலாம். மற்ற இரண்டிலும் விற்கப்படுவது பயணியின் உழைப்பு. வாங்குபவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். எழுந்து போகும் உரிமை பயணியிடம் இல்லை. 'இலவசம்' என்ற சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் கொள்ளக்கூடாது.

உல்லாசக் கப்பல் தரகும் மாசற்றது அல்ல. ஒரு கம்பனியின் அறைகளை இன்னும் பத்து விற்றால் அடுத்த படிக்கு ஏறலாம் என்ற நிலையில் இருக்கும் முகவர், உங்கள் முழங்காலுக்குப் பொருத்தமான கப்பலை மறந்து, தன் படிக்குப் பொருத்தமானதைப் புகழக்கூடும். மலிவான உள்ளறையைவிட மாடம் வைத்த அறை அவருக்கு இலாபம். நேரடியாகக் கம்பனியிடம் வாங்கினாலும் விலை பெரும்பாலும் அதேதான். கொமிஷன் மிச்சமாகி நம் கைக்கு வந்துவிடாது. ஆகவே அந்தக் காசுக்கு ஒருவரின் உழைப்பைப் பெற்றுக்கொள்வது புத்தி. ஆனால் அவர் யாருடைய ஆள் என்று தெரிந்துகொண்டு பெறவேண்டும்.

உல்லாசக் கப்பலிலேயே இந்த இருவகைக் கணக்கும் ஒன்றாக மிதக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அறையில் படுத்திருப்பவருக்காகக் கம்பனி தரகு கொடுத்தது. அந்த அறையைக் கூட்டித் துடைத்து, துவாயை மடித்து வைத்துவிட்டுப் போகும் பணியாளரும் ஒரு முகவர் வழியாகத்தான் ஏறியிருப்பார். கடற்பணியாளரிடம் வேலை தேடித்தருவதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் விதித்திருக்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடற்பணிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவை மட்டும் அவர் ஏற்கலாம். வீசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. தரையில் வேலை தேடுவோருக்கும், முகவர் அவர்களிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கலாகாது என்ற பொது விதியைச் சர்வதேச தொழில் அமைப்பு 1997ஆம் ஆண்டின் 181ஆம் சமவாயத்தில் எழுதிவைத்தது. எழுத்தில் இருக்கிறது. கடைவீதி வரை வந்து சேர்வதற்குத்தான் நாளெடுக்கிறது.

ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். முகவரை அப்படி ஆக்குவதும் ஆக்காமல் விடுவதும் அவருக்குக் காசு வருகிற நேரம்தான். ஆதலால் பயணம் எதுவானாலும், உல்லாசமோ உழைப்போ, கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள். உனக்கு யார் தருகிறார்கள்? எப்போது தருகிறார்கள்? நான் இடையில் திரும்பி வந்தால் உனக்கு என்ன ஆகும்? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத் தயங்குகிறவர் வியாபாரி, பழகிவிடலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.

களுவாஞ்சிக்குடிக் கடையில் அந்த அம்மா கேட்டது இந்த மூன்றில் பாதிதான். ஆனாலும் கேட்டார். வளைகுடாவுக்கு மகளை அனுப்பும் வீடுகளிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.